மறுத்துச் சொல்லும் பயிற்சி

எச்.ஐ.வி. கிருமி எவ்வழிகளில் பரவும் என்று நம் கல்லூரி மாணவர்களைக் கேட்டால், பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து சேய் என்று நான்கையும் பலர் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். ஆயினும், வீட்டை விட்டு முதன்முதலாக விடுதிக்கு வந்த இளைஞன் ஒருவன் மதுவருந்திய தோழர்களின் வற்புறுத்தலுக்கு நடுவே தடுமாறும்போதும், காதலனிடம் ஆணுறையைப் பற்றிப் பேச முனைந்த மாணவி ஒருத்தி சங்கோசத்தால் நா எழாமல் நிற்கும்போதும், மனனம் செய்த அந்த விடைகள் துணைக்கு வருவதில்லை.

இந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே வாழ்க்கைத் திறன் பயிற்சி வகுக்கப்பட்டது. தீர்மானம் செய்தல், தெளிவாக உரையாடுதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சியை ஆளுதல் முதலிய பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் இதன் அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் வற்புறுத்த, மற்றவர் மறுக்க, மாணவர்களே நடித்துப் பார்க்கிறார்கள். முதலில் குழறும் சொல், மறுமுறை சொல்லும்போது சற்றுத் திடப்படுகிறது. தன்னால் இயலும் என்ற நம்பிக்கை, செய்து பழகிய அனுபவத்திலிருந்தே மிகுதியாகப் பிறக்கிறது என்று உளவியலறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதியதன் பிரயோகம் இதுவே.

பலன் உண்டா? தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில், 70 ஊர்களைச் சேர்ந்த, 15 முதல் 26 வயதுக்குட்பட்ட 2,776 பேரிடம் ‘ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்’ என்னும் பயிற்சி சோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு ஏறத்தாழ 50 மணி நேரம், ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் அமர்ந்து, பின்னர் கூடிப் பேசும் பயிற்சி. மறு சாராருக்கு மூன்று மணி நேர வகுப்பு மட்டுமே. 2008-இல் வெளியான முடிவின்படி, எச்.ஐ.வி. தொற்று குறைந்ததற்குச் சான்று கிட்டவில்லை. ஆனால், உடலுறவினால் பரவும் ஹெர்பிஸ் தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. துணைவியரை வன்முறைக்கு உள்ளாக்கியதாகக் கூறிய ஆண்களும் குறைந்தனர். பெண்களின் நடத்தையிலோ எதிர்பார்த்த மாறுதல் நேரவில்லை. பெண்ணுக்கு மறுக்கக் கற்பிப்பதோடு நில்லாமல், அம்மறுப்பைச் செவிமடுக்க ஆணுக்கும் கற்பிக்க வேண்டும் என்பதையே இம்முடிவு வற்புறுத்துவதாக நான் கருதுகிறேன்.

நம் கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் இருக்கின்றன; அவை உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-ஆம் தேதியன்று ஊர்வலமும் சொற்பொழிவும் நடத்துவதோடு அமையலாகாது. ஆபத்தான தொடர்பு நேர்ந்தபின் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்தைப் பற்றி அறிந்திருந்தாலும், அதை மருத்துவரிடம் கேட்கும் துணிவு இல்லாதவனுக்கு அவ்வறிவு பயனற்றது. ஆகையால், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குச் சென்று, இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படும் பரிசோதனையைக் கேட்டுப் பெறும் உரையாடலையும் மாணவர்கள் அந்தச் சங்கங்களில் நடித்துப் பழக வேண்டும்.