அக்கரை இல்லாத பாலம்

பாலம் என்றவுடன் இரு கரைகளை இணைப்பது என்னும் பொருளே நம் மனத்தில் தோன்றும். ஆயின், ஒரு கரையில் தொடங்கிக் கடலின் நடுவே நின்றுவிடும் பாலங்களும் உலகில் உண்டு. அவற்றிற்கு இக்கரை உண்டு, அக்கரை இல்லை. ஆழம் குறைந்த கடலோரங்களில் கப்பல் கரையை நெருங்க இயலாது. ஆதலின் கரையிலிருந்து ஆழமான நீர்வரை தூண்களை நட்டு, அவற்றின்மேல் பலகை பரப்பி, மக்கள் நடந்து சென்று கப்பலேற வழி செய்தனர். இவ்வமைப்பே கடற்பாலம் எனப்படும்.

இங்கிலாந்து நாட்டின் கடற்கரைகள் இத்தகைய பாலங்களுக்குப் பெயர் பெற்றவை. வைட் தீவிலுள்ள ரைட் என்னும் ஊரில் 1814 ஆம் ஆண்டிலேயே ஒரு கடற்பாலம் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஏறத்தாழ நூறு கடற்பாலங்கள் இருந்தன. புயலாலும் தீயாலும் துருவாலும் புறக்கணிப்பாலும் அழிந்தவை போக, இன்று ஏறத்தாழ அறுபதே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றுள் கிளீவ்டன் கடற்பாலத்தின் வரலாறு தனிச்சிறப்புடையது. விழுந்த ஒன்றை மக்கள் எவ்வாறு எழுப்பினர் என்பதை அது விளக்குகிறது.

தோற்றுப்போன தண்டவாளங்கள்

கிளீவ்டன், இங்கிலாந்தின் தென்மேற்கில் பிரிஸ்டல் நகருக்கு அண்மையில், செவர்ன் கழிமுகத்தை நோக்கி அமைந்த சிற்றூர். எதிர்க்கரை வேல்ஸ் நாடு. உலகில் கடல் ஓதம் மிக உயர்ந்து தாழும் இடங்களுள் இக்கழிமுகமும் ஒன்று. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர்மட்டம் ஏறத்தாழ 14 மீட்டர் வேறுபடும். நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நாள்தோறும் இருமுறை நீரில் மூழ்கி எழுவதற்கு இஃது ஒப்பாகும். இத்தகைய கடலில் பருத்த தூண்களை நிறுத்தினால் நீரோட்டம் அவற்றை மோதிக்கொண்டே இருக்கும். ஆகவே மெலிந்த கால்களே பொருத்தமானவை என்று ஜான் வில்லியம் குரோவர், ரிச்சர்டு வார்டு ஆகிய பொறியாளர் இருவரும் கருதினர்.

அக்கால்களுக்கு வேண்டிய இரும்பு கிடைத்த விதம் சுவையானது. பார்லோ என்னும் பொறியாளர் 1849 ஆம் ஆண்டில் புதுவகைத் தண்டவாளம் ஒன்றை வடிவமைத்திருந்தார். அடியில் குறுக்குக் கட்டைகள் இல்லாமலே அதனைத் தரையில் பதிக்கலாம் என்பது அவர் எண்ணம். புகழ்பெற்ற பொறியாளர் புருனெல் தமது தென்வேல்ஸ் இருப்புப்பாதையில் அதனைப் பயன்படுத்தினார். ஆனால் வண்டிகள் ஓட ஓடத் தண்டவாளங்கள் விலகின. அவற்றைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. இவ்வாறு வேண்டாதவையாகிப் போன அத்தண்டவாளங்களையே இரண்டிரண்டாக இணைத்துத் தறைந்து கடற்பாலத்தின் கால்களாக்கினர். தரையில் தோற்ற இரும்பு கடலில் வென்றது எனலாம்.

இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைப் பாலத்தின் 'கண்' என்பது நம் வழக்கு. கிளீவ்டன் பாலத்திற்கு ஒவ்வொன்றும் நூறு அடி அகலமுள்ள எட்டுக் கண்கள். மொத்த நீளம் ஏறத்தாழ 312 மீட்டர். 1869 மார்ச் 29 அன்று பாலம் திறக்கப்பட்டது. இங்கிருந்து நீராவிக் கப்பலேறி மக்கள் வேல்ஸ் சென்றனர். 1886 இல் செவர்ன் ஆற்றின் அடியில் இரயில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் அக்கடல்வழியின் தேவை குறைந்தது. எனினும் பாலம் கைவிடப்படவில்லை. உலாவவும் மீன் பிடிக்கவும் இன்பப் பயணக் கப்பல்களில் ஏறவும் மக்கள் வந்துகொண்டே இருந்தனர். பயணத்திற்கென எழுந்த பாலம் ஊரார் கூடும் முற்றமாயிற்று.

விழுந்த நாள்

காப்பீட்டிற்காகப் பாலத்தின் வலிமையை அறிதல் வேண்டும் என்று சுமைச் சோதனை நடத்தப்பட்டது. பலகைத் தளத்தின்மீது நீரை நிரப்பி, அதன் எடையைப் பாலம் தாங்குகிறதா என்று பார்த்தனர். 1970 அக்டோபர் 17 அன்று அச்சோதனையின்போதே கடைசி இரு கண்களும் இடிந்து கடலில் வீழ்ந்தன. பாலத்தின் முனை, கரையுடன் தொடர்பற்ற தீவுபோலத் தனித்து நின்றது. நூறாண்டுக் காலம் அலையைத் தாங்கியது, அதன் ஆற்றலை அளக்கச் சென்ற நாளில் முறிந்தது.

பழுது பார்க்கப் பெரும்பொருள் வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் கையில் அத்துணைப் பொருள் இல்லை. 1979 இல் பாலத்தை இடித்துவிடவே முயற்சி நடந்தது. அம்மன்றத்தைக் குறை கூறுவது எளிது. ஆயினும் வரிப்பணத்தைப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவிடுவதா, பயணப் பயன் குன்றிய பழம்பாலத்திற்குச் செலவிடுவதா என்பது நேர்மையான வினாவே. அவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு மக்களிடம் வந்து சேர்ந்தது.

ஊர் எழுந்தது

ஊர் மக்கள் அறக்கட்டளை அமைத்தனர், நிதி திரட்டினர். அரசவைக் கவிஞராக விளங்கிய ஜான் பெச்சமன் இப்பாலத்தின் அழகைப் போற்றி அவர்களுக்குத் துணை நின்றார். 1980 இல் பொது விசாரணை நடைபெற்றது, பாலம் பிழைத்தது. பின்னர் அரசு சார்ந்த மரபுரிமை நிதியங்களின் உதவியும் கிடைத்தது. 1985 இல் பாலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அருகிலுள்ள போர்ட்டிஸ்ஹெட் துறைக்குக் கொண்டு சென்று சீர்செய்தனர். 1989 மே 27 அன்று மக்கள் மீண்டும் அதன்மேல் நடந்தனர். விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்! முனைப்பகுதியின் பணி 1998 இல் நிறைவுற்றது. 2001 இல் நாட்டின் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இப்பாலம் இடம்பெற்றது.

பாலத்தின் பலகைகளிலும் இருக்கைகளிலும் சிறுசிறு பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நன்கொடை அளித்தோர் தம் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரின் பெயரை அவற்றில் பொறித்தனர். எனவே அப்பாலத்தில் நடப்பவர் ஓர் ஊரின் நினைவுகள்மீதே நடக்கிறார். 'எங்கள் பாலம்' என்னும் உரிமையுணர்வு பிறந்தது இவ்வாறே.

பணி முடிவதில்லை

ஒருமுறை புதுப்பித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுதல் பிழையாகும். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் கடற்பாலம் இதற்குச் சான்று. 1872 இல் திறக்கப்பட்ட அப்பாலம் 2010 அக்டோபரில் தீக்கிரையானது. ஏறத்தாழ 3,000 பேர் பங்குதாரராயினர். மரபுரிமை நிதியும் சேர, ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுச் செலவில் பாலம் புதுப்பிக்கப்பெற்று 2016 இல் திறக்கப்பட்டது. 2017 இல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசையும் பெற்றது. ஆயின் அதே ஆண்டின் இறுதியில், அதனை நடத்திய அறநிறுவனம் பொருள் நெருக்கடியில் வீழ்ந்தது. 2018 இல் பாலம் தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. கட்டுதற்குப் பொருள் கிடைத்தது. நாள்தோறும் நடத்துதற்குப் போதிய வருவாய் இல்லை. பங்கு வாங்கிய மக்களின் மனம் எத்துணை வருந்தியிருக்கும்!

உப்புக்காற்று விடுமுறை எடுப்பதில்லை. இரும்பு துருப்பிடிக்கும், பலகை உளுக்கும், சாயம் மங்கும். ஆதலின் கிளீவ்டன் மக்கள் நுழைவுக் கட்டணம், நன்கொடை, தொண்டர் உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு பாலத்தைத் தொடர்ந்து பேணி வருகின்றனர். விழா ஒருநாள், பேணுதலோ ஒவ்வொரு நாளும்.

நிறைவாக

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மரபுச் செல்வம் என்பது கல்லும் இரும்பும் மட்டுமன்று. அதனைத் தமதென எண்ணிச் சுமக்கும் மக்களும் சேர்ந்ததே ஆகும். மக்கள் விலகினால் எத்துணை உறுதியான தூணும் வீழும்; மக்கள் சேர்ந்தால் கழித்தொதுக்கிய தண்டவாளமும் நூற்றாண்டைக் கடந்து நிற்கும். கடற்பாலத்திற்கு அக்கரை இல்லை என்று தொடக்கத்தில் கூறினோம். முன்னோர் ஓர் ஓரத்திலும் இனி வருவோர் மறு ஓரத்திலும் நிற்க, இடையே நிற்கும் தலைமுறையின் உழைப்பால் அதற்கு ஓர் அக்கரை வாய்த்துவிடுகிறது.