பூனைக்குக் குளியல் வேண்டாம், சீப்பு போதும்

வைகாசிக் கருட சேவைக்கு ஊர் ஊராக ஜனம் காஞ்சிபுரத்துக்கு வரும். தீபாவளி, பொங்கலுக்கு நிலைமை தலைகீழ். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலை வேலைக்காக இந்தப் பக்கம் குடியேறியவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். நாயைக் காரில் ஏற்றிவிடலாம். பல பூனைகளுக்கு வண்டிப் பயணம் ஆகாது. பூனையை விட்டுச்செல்ல போர்டிங் தேடும் படலம் அங்கேதான் தொடங்குகிறது.

“திரும்பி வரும்போது குளிப்பாட்டி, நகம் வெட்டி வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போவது வாடிக்கை. பூனையைப் பொறுத்தவரை குளியல் வேண்டாத செலவு. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால் பங்கை அது தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. அந்த நாக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலெக்ஸிஸ் நோயலும் டேவிட் ஹூவும் ஆராய்ந்து 2018இல் விடை சொன்னார்கள். நாக்கு முட்களின் நுனி குழிந்திருக்கிறது. வாயிலிருந்து எச்சிலை ஏந்திப்போய் முடியின் அடிவரை சேர்க்கிறது. வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம், புலி வரை இதே அமைப்புதான்.

விதிவிலக்கு பெர்ஷியன். அதன் அடர்ந்த நீள முடிக்குள் நாக்கு முள் தோல்வரை எட்டாது. அதனால்தான் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சடை விழுகிறது. இந்த ஜாதிக்கு போர்டிங்கிலும் தினமும் சீப்பு வேண்டும். கண்ணோரம் வழியும் நீரை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். சடையைப் பிரிப்பதில் நெசவாளியின் பொறுமை வேண்டும்: தோலை ஒட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். கத்தரிக்கோலை வைத்தால் மெல்லிய தோல் சேர்ந்து வெட்டுப்படும்.

குட்டை முடி நாட்டுப் பூனைக்கு வாரம் ஓரிரு முறை சீவினாலே போதும். உதிர்ந்த முடி வயிற்றுக்குள் போய் உருண்டை கட்டுவது அதிலேயே குறைந்துவிடும்.

போர்டிங்கில் எதையும் முதல் நாளே தொடங்கக் கூடாது; புது இடத்தில் பூனையின் பதற்றம் முதலில் தணிய வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள்; மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பதற்றம் தணிந்தன. 2014இல் வெளியான ஆய்வு இது. செலவு ஓர் அட்டைப்பெட்டி. வீட்டு வாசனையுள்ள பழைய துணியும், பழகிய சீப்பும் கூடவே போனால் இன்னும் நல்லது. சீப்பு தனியாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று பொதுச் சீப்பு வழியே பூனைக்குப் பூனை தாவும், மனிதருக்கும் ஒட்டும்.

பராமரிப்பவர் கவனிக்க வேண்டியது பூனையின் பழக்கத்தைத்தான். நக்குவதை நிறுத்தி, முடி பிசுபிசுத்துக் கிடந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். ஒரே இடத்தை விடாமல் நக்கி வழுக்கையாக்கினால் அரிப்போ மன அழுத்தமோ இருக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், குண்டுப் பூனையானால் இன்னும் சீக்கிரம், மருத்துவரிடம் போக வேண்டும். பட்டினி அதன் ஈரலைப் பாதிக்கும். நாய்க்கான உண்ணி மருந்தை மட்டும் தொடவே கூடாது. பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

காஞ்சிபுரத்துக்கென்று தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. தறி இருக்கும் வீட்டில் பட்டு நூலும் ஜரிகையும் தரையில் கிடக்கும். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்தவை; வாயில் சிக்கிய நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டால் மறுமுனை குடலைச் சுருக்கி அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நூல் தின்னும் பழக்கமுள்ள பூனையானால் போர்டிங்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசியை முடித்து, நகத்தை வீட்டிலேயே வெட்டி, சடையைப் பிரித்து அனுப்புங்கள். விடும் இடத்தில் நாய்க் கூண்டும் பூனைக் கூண்டும் ஒரே அறையில் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.