கோட்டைச் சுவருக்கு வெளியே கிடைத்த நட்பு

பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தை ஒட்டி முட்செடிகள் மூடிய மேடு ஒன்று இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சம் அது. தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு இதுவே தலைமையிடம்.

இன்று அயல்நாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் போல, இங்கே வேலை பார்த்த கம்பெனி அதிகாரிகளும் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட மேலாளர்கள்தாம். ஹாலந்திலிருந்து பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வந்து சேரவே ஏறக்குறைய 8 மாதக் கடற்பயணம். ஒப்பந்தம் பெரும்பாலும் 5 ஆண்டுக்கு. சம்பளம் போதாமல், கம்பெனி தடை போட்டும் பலர் சொந்த வியாபாரம் செய்தார்கள். ஊர் திரும்பாமலே மாண்டவர்கள் இங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள்.

மூன்று பொருத்தங்கள்

ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்க மேலாளர்களைப் பற்றி ஸ்டூவர்ட் பிளாக் என்ற ஆய்வாளர் 1988-ல் எழுதினார். அயல்நாட்டில் பொருந்தி வாழ்வதை அவர் மூன்றாகப் பிரித்தார்: வேலை, அன்றாட வாழ்க்கை, உள்ளூர் மக்களுடனான பழக்கம். ஒன்று கைகூடினால் மற்றவை தாமாக வந்துவிடாது.

பழவேற்காட்டில் வேலை நன்றாகவே நடந்தது. துணி ஏற்றுமதியானது, வெடிமருந்து தயாரானது. அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கணக்கில் லாபம் காட்டிய அந்த வேலையைத் திருப்தியான வேலை என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது. எதிரில் நிற்பவரை மனிதராகப் பார்க்காத இடத்தில் மூன்றாவது பொருத்தம் எப்படி வரும்?

கேட்டுத் தெரிந்துகொண்டவர்

அந்தக் கம்பெனியிலேயே சம்பளம் வாங்கிய பாதிரியார் ஆபிரகாம் ரொகேரியுஸ் வேறொரு வழியில் போனார். 1632 முதல் 10 ஆண்டுகள் இங்கே இருந்த அவர், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்த மண்ணின் வழிபாடு, சடங்கு, வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் விசாரித்து ஒரு நூலாக எழுதினார். இருவருக்கும் தெரிந்த போர்த்துகீசிய மொழி கைகொடுத்தது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்கள் பத்மநாபன் வழியாக டச்சு மொழிக்குப் போயின. ரொகேரியுஸ் இறந்தபின், 1651-ல் லெய்டனில் அந்த நூல் அச்சேறியது. அவருடைய சமயப் பார்வை அதில் இருக்கிறது. ஆனாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட காது அது.

இன்றும் இந்த ஊரைக் கேட்டுத்தான் அறிய முடியும். எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று குப்பத்தார் முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' முறை, வெளியூர் அதிகாரியின் கண்ணுக்குத் தானாகத் தெரியாது. பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நம் பிள்ளைகள் மேலாளர்களாகப் போகிறார்கள். அனுப்பும் நிறுவனங்கள் சம்பளத்தோடு மொழி கற்க நேரமும், எதையும் கூச்சமின்றிக் கேட்க ஓர் உள்ளூர்த் துணையும் தரட்டும். உடன்போகும் துணைவருக்கும் அதுவே தேவை. போகிறவர்களும் தமிழ்ச் சங்கத்தோடு நின்றுவிடாமல், அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது நண்பராக்கிக்கொள்ள வேண்டும். வேலையில் நிறைவும் அந்த உறவிலிருந்தே வளரும்.