பைக் சஸ்பென்ஷனுக்கு ₹25,000 செலவு பண்றதுக்கு முன்னாடி: ஏற்காடு ரோட்டை வச்சு ஒரு பட்ஜெட் கணக்கு



வீடு சேலத்துல, வேலை ஏற்காட்டுல. பேங்க், ஸ்கூல், ரிசார்ட், எஸ்டேட் ஆபீஸ்னு இப்படி தினமும் பைக்ல மலை ஏறுறவங்க இருக்காங்க. காலையில அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒண்டிக்கடை ரவுண்டானா. சாயங்காலம் அதே 20 வளைவு இறக்கம். ஒரு பக்கம் சுமார் 30 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா, மாசம் 25 நாளைக்கு 1,500 கி.மீ., வருஷத்துக்கு 18,000 கி.மீ.

இப்படி ஓட்டுற வண்டில ரெண்டு மூணு வருஷத்துல இடுப்பு வலி ஆரம்பிக்கும். பிரேக் பிடிச்சா முன்பக்கம் சடார்னு அமுங்கும். உடனே நம்ம கண்ணு எங்க போகும்? ஆன்லைன்ல இருக்கிற ₹25,000 அட்ஜஸ்டபிள் ஷாக் மேல. கூடவே "12 மாத இ.எம்.ஐ." பட்டன்.

கையில வாங்குற சம்பளம் ₹28,000னா, அது கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளம். அதனால எதை வாங்கணும்ங்கிறதை விட, எந்த வரிசையில செலவு பண்ணணும்ங்கிறதுதான் முக்கியம்.

முதல்ல ஒரு அடிப்படை

சஸ்பென்ஷன்ல ரெண்டு வேலை நடக்குது. ஸ்பிரிங் உங்க எடையைத் தாங்குது. உள்ளே இருக்கிற ஆயில், ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாம அடக்குது. அதைத்தான் டேம்பிங்னு சொல்றாங்க. ஓடி ஓடி ஆயில் பழசானா டேம்பிங் குறையும். ஸ்பிரிங் நல்லாவே இருக்கும், ஆனா வண்டி படகு மாதிரி ஆடும்.

மலை இறங்கும்போது இது ஏன் பெரிய விஷயம்? இறக்கத்துல ஏற்கனவே எடை முன்பக்கம் சாஞ்சிருக்கும். பிரேக் பிடிச்சா இன்னும் சாயும். ஃபோர்க் முழுசா அமுங்கி முட்டி நின்னுட்டா, அடுத்து வர்ற பள்ளத்தை வாங்க அதுக்கு இடமே இருக்காது. டயர் ரோட்டை விட்டு எழும்பும். வளைவுல அது நடந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

படி 1: காசே வேண்டாம்

டயர் காத்தை மேனுவல்ல சொன்ன அளவுக்கு, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. காத்து அதிகமா இருந்தாலே பாதி அதிர்ச்சி இடுப்புக்கு வரும்.

அடுத்து பின்பக்க ஷாக். பெரும்பாலான வண்டிகள்ல பிரீலோடை மாத்த படிப்படியா வெட்டு இருக்கும். டூல் கிட்ல இருக்கிற ஸ்பேனராலயே திருப்பலாம். ரெண்டு ஷாக் இருக்கிற வண்டின்னா ரெண்டையும் ஒரே படியில வைக்கணும். பிரீலோடு ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. வண்டி நிக்கிற உயரம்தான் மாறும்.

எந்தப் படி சரின்னு டேப் வச்சே பாக்கலாம். மெயின் ஸ்டாண்டுல பின் சக்கரத்தைத் தூக்கி வச்சு, ஆக்ஸில்ல இருந்து நேர் மேலே பாடியில ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்துட்டு, ஆபீஸ் பேக், ஹெல்மெட்டோட நீங்க உக்காரணும், ஃப்ரெண்டு ஒருத்தர் அதே தூரத்தை அளக்கட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், பின் சக்கரத்தோட மொத்த டிராவல்ல சுமார் 30 சதவீதம் இருக்கணும். டிராவல் 100 மி.மீ.னா 30 மி.மீ. அதுக்கு மேல இறங்கினா பிரீலோடை ஒரு படி ஏத்துங்க. பின்னாடி ஆள் ஏறினாலும் ஏத்திக்கலாம்.

படி 2: தேய்மானத்தைச் சரி பண்ணுங்க

முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை நல்லா அமுக்கி விடுங்க. ஒரு தடவை மேலே வந்து நின்னா சரி. ரெண்டு மூணு தடவை ஆடினா ஃபோர்க் ஆயில் மாத்துற நேரம் வந்தாச்சு. மேனுவல்ல சொன்ன கிரேடு, சொன்ன அளவு. "கெட்டி ஆயில் ஊத்தினா ஸ்டிஃபா இருக்கும் தம்பி"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. ரொம்ப கெட்டியானா சின்னப் பள்ளம்கூட கைக்கு அடிக்கும்.

ஃபோர்க் பைப்ல எண்ணெய்ப் பிசுக்கு தெரியுதா? ஆயில் சீல் போயிருக்கு. அது வழிஞ்சு முன் டிஸ்க்ல பட்டா பிரேக் பிடிக்காது. இந்த ஒண்ணை மட்டும் அடுத்த சம்பளத்துக்குத் தள்ளாதீங்க.

அதே நாள்ல கோன் செட்டையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் பாக்கச் சொல்லுங்க. முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்தா ஆட்டம் இருக்கவே கூடாது. இந்த ஆட்டத்தோட எவ்வளவு விலை ஷாக் போட்டாலும் வண்டி நேரா போகாது.

படி 3: பின் ஷாக்

பின் ஷாக்ல எண்ணெய் கசிஞ்சா, இல்ல அமுக்கி விட்டா துள்ளினா, கம்பெனி ஷாக்கையே புதுசா மாத்துங்க. இதைச் செய்றவங்க ரொம்ப தூரத்துல இல்லை. கேப்ரியல் இந்தியா நிறுவனத்துக்கு நம்ம ஓசூர்லயே தொழிற்சாலை இருக்கு. பிரீலோடை கடைசிப் படியில வச்சும் உங்க எடைக்கு வண்டி அதிகமா இறங்குதுன்னா, அப்பதான் கெட்டியான ஸ்பிரிங் தேவை.

படி 4: ₹25,000 ஷாக்

முதல் மூணு படியும் முடிச்சு ஒரு மாசம் மலை ஏறி இறங்கிப் பாருங்க. அப்புறமும் குறை இருந்தா இதைப் பத்தி யோசிக்கலாம்.

இப்ப கணக்கு

இது உதாரணக் கணக்குதான். உங்க மெக்கானிக் சொல்ற விலையைப் போட்டுக்கோங்க. ஃபோர்க் ஆயில், சீல், கூலி ₹1,800. பின் ஷாக் ஜோடி ₹4,200. மொத்தம் ₹6,000. ஒரு வருஷ ஓட்டம் 18,000 கி.மீ.க்கு வகுத்தா கிலோமீட்டருக்கு 33 பைசா.

₹25,000 ஷாக்கை கிரெடிட் கார்டுல 16% வட்டிக்கு 12 மாச இ.எம்.ஐ. போட்டா மாசம் சுமார் ₹2,268. வட்டி மட்டும் ₹2,219. அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. ₹399. பிராசஸிங் ஃபீ ₹199னு வச்சா வரியோட ₹235. ஆக கூடுதல் செலவு சுமார் ₹2,850. ஃபோர்க் சர்வீஸ் பண்ணி மிச்சமும் இருக்கிற பணம் இப்படியே போயிடுது. மொத்தத்தையும் வகுத்தா முதல் வருஷம் கிலோமீட்டருக்கு ₹1.55.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ. தானே சார்?" வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். ரிசர்வ் வங்கி 2013லயே பூஜ்ய சதவீத திட்டங்கள்ல வட்டி மறைக்கப்படுதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இதுலயும் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. வரும்.

அதுக்குப் பதிலா மாசம் ₹2,000 எடுத்து வைங்க. மூணு மாசத்துல படி 2, படி 3 ரெண்டும் முடிஞ்சிடும். அப்புறமும் அதே தொகையை ஆர்.டி.ல போட்டுக்கிட்டே வந்தா, படி 4 வேணும்னாகூட கடன் இல்லாம வாங்கலாம். வேண்டாம்னா அந்தப் பணம் உங்க அவசரகால நிதி.

பில் போடும்போது கவனிங்க

2025 செப்டம்பர் 22ல இருந்து பைக் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரிக்கு முன் ₹5,000 விலைன்னா, ₹6,400 ஆன பொருள் இப்ப ₹5,900. பழைய விலையைச் சொன்னா கேள்வி கேளுங்க. பில் வாங்குங்க, இல்லைன்னா வாரண்டி கேக்க முடியாது.

மாத்துற ஷாக் கம்பெனி அளவுலயே இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. வேற மாதிரி ஷாக் போட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிச்சிடுங்க. கிளைம் நேரத்துல தகராறு வராது.

இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி படி 1ஐ முடிங்க. சீல் கசியுதான்னு பாத்துட்டு, திங்கக்கிழமை மலை ஏறுங்க. பத்திரமா ஓட்டுங்க நண்பர்களே!