பாட்டியின் விளக்கெண்ணெயும் பேத்தியின் ரோஸ்ஹிப்பும்

தெமியாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அக்காள் மகள், கைப்பையிலிருந்து ஒரு சிறு பாட்டிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். உள்ளே இருந்தது வெறும் 30 மில்லி.

"ரோஸ்ஹிப் எண்ணெய் பாட்டி. முகத்துக்கு."

அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். "ரோஜா வாசனையே காணோமே! மீன் எண்ணெய் மாதிரியில்ல இருக்கு?" விலையைக் கேட்டதும் பாட்டிலை இரண்டு கையாலும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மா சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போதே கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். காய்ந்த பால் தோலில் ஒட்டாமல் உரிந்து வர அதுதான் வழி. பால் ஸ்டோரில் வேலை செய்த நாட்களில் ஆசிட் பட்டு விரலிடுக்கு வெடிக்கும். இரவில் விளக்கெண்ணெயை லேசாகச் சூடாக்கி, மஞ்சள் குழைத்துப் பூசுவார். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லார் தலையிலும் நல்லெண்ணெய். பெண்களுக்கு வெள்ளிக்கிழமை என்பது ஊர் வழக்கம். தோட்டத்தில் லீவு என்றைக்கோ அன்றைக்குத்தான் எண்ணெய்க் குளியல்!

ரோஸ்ஹிப் இந்த மண்ணுக்கு அந்நியம். ரோஜா இதழ் உதிர்ந்த பின் காம்பில் திரளும் சிவப்புக் காய்தான் அது. நாம் பூவைப் பறித்துவிடுவதால் காயைப் பார்ப்பதே இல்லை. ஐரோப்பாவில் அந்தக் காயைத் தேநீராகவும் பாகாகவும் காய்ச்சிச் சளிக்குக் குடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஆரஞ்சுப் பழம் வருவது குறைந்தபோது, 1941 முதல் வேலியோரக் காட்டு ரோஜாக் காய்களைச் சேகரித்துப் பாகு தயாரித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், வைட்டமின் சி-க்காக. அதே காலத்தில்தான் இங்கே ஜப்பான்காரன் ஆட்சியில் நம் தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்.

எண்ணெய் வேறு கதை. அது காயின் விதையிலிருந்து பிழிவது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் புதராகப் பரவிக் கிடக்கும் காட்டு ரோஜாவிலிருந்து நிறைய வருகிறது. அங்கே தழும்புக்கும் வறண்ட தோலுக்கும் தடவுவார்கள். "வைட்டமின் சி நிறைந்த ரோஸ்ஹிப் எண்ணெய்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வைட்டமின் நீரில் கரைவது, எண்ணெயில் தங்காது. இந்த எண்ணெயில் இருக்கும் நல்ல சரக்கு லினோலெயிக், லினோலெனிக் என்ற கொழுப்பு அமிலங்கள். அவை தோலின் ஈரத்தைக் காக்க உதவும். தேங்காய் எண்ணெயைவிடப் பிசுபிசுப்பும் குறைவு. ஆனால் அதே அமிலங்களால்தான் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பாட்டி சொன்ன குறை பேத்தி மனத்தில் தங்கிவிட்டது. அடுத்த முறை கைப்பேசியில் தேடி, பாதி விலைக்கு இன்னொரு பாட்டில் வாங்கினாள். கமகமவென்று ரோஜா மணம். முகம் வெளுக்கும் என்றும் எழுதியிருந்தது. "இதுதாண்டி ரோஜா எண்ணெய்!" என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. நான்காம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து எரிந்தன. கிளினிக்கில் டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன என்ற பட்டியலும் இல்லை. சிவப்பு அடங்கிக் கருந்திட்டு தங்கியது. முதல் வேலை நேர்காணலுக்கு அந்த முகத்தோடுதான் போனாள். அன்று அம்மா சாப்பிடவில்லை.

மலேசியாவில் அழகுப் பொருளை விற்குமுன் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவித்து எண் பெற வேண்டும். அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். முகம் வெளுக்கும் என்று விற்கும் பொருள்களில் பாதரசம் இருப்பதாக அந்த அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. சுத்தமான ரோஸ்ஹிப் பொன்னிறமாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், ரோஜாவாக மணக்காது. முதலில் முழங்கை உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் பாருங்கள். அரிக்காவிட்டால் இரவில், ஈர முகத்தில் இரண்டு மூன்று சொட்டுப் போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் கால் புண்ணில் எந்த எண்ணெயும் வேண்டாம், நேரே கிளினிக்தான். இதை அம்மாவுக்குப் புரியவைக்கவே எனக்கு ஓராண்டு பிடித்தது.

நேர்காணலுக்குப் போன பிள்ளைக்கு வேலை கிடைத்தது. திட்டும் மெல்ல மறைந்தது. முதல் சம்பளத்தில் பாட்டிக்கு ஒரு நல்ல ரோஸ்ஹிப் பாட்டில் வாங்கி வந்தாள். அது ஃபிரிட்ஜில் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உளி பிடித்துக் காய்த்துப்போன கைகளில் தினம் இரவு அம்மா இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொள்கிறார்.

"எங்கேடி அந்த மீன் எண்ணெய்?" என்றுதான் இன்னும் கேட்கிறார்.