பாசறையில் யார் கண் பிள்ளைமேல்?

பாடசாலை விடுமுறை நெருங்கும் காலத்தில், குருளைச் சாரணனாகிய பிள்ளை உள்ள வீட்டிலே ஒரே பேச்சுத்தான். "இந்த முறை அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் பாசறைக்கு வரலாமாம்!" என்று துள்ளிக்கொண்டு வருகிறான் மகன். அவன் கையிலே ஆசிரியை கொடுத்தனுப்பிய கடதாசி ஒன்றும் இருக்கிறது. அதில் நீண்டதொரு விதிப் பட்டியல். அதனைப் படித்த தகப்பனார் முகத்தைச் சுளித்து, "இரண்டு நாள் உல்லாசமாக இருந்துவர இத்தனை சட்டமா?" என்கிறார். அவருடைய கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண முயல்வோம்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தைச் சேர்ந்த பிரவுன்சித் தீவிலே பேடன் பவல் ஏறக்குறைய 20 சிறுவரைக் கொண்டு நடத்திய பாசறையே சாரணர் இயக்கத்தின் வித்தாகும். 1912இல் மாத்தளையில் முதற் குழு அமைந்தது முதல் நம் நாட்டிலும் அவ்வியக்கம் வேரூன்றியது. மிக இளையோருக்கான குருளையர் பிரிவு 1916இல் இங்கிலாந்தில் ஏற்பட்டது. பிரவுன்சிப் பாசறையிலேயே சிறுவர் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, அணிக்கு ஒரு தலைவனும் நியமிக்கப்பட்டான். இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என்னும் ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது. குடும்பப் பாசறையின் விதிகள் யாவும் இவ்வொரு கருத்தினின்று பிறந்தவையே.

பெரியோர் பலர், காவலர் எவர்?

ஒரு குளக்கரையை மனத்திலே எண்ணிப் பாருங்கள். 15 பிள்ளைகள் நீராடுகின்றனர். கரையிலே 20 பெரியோர் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். இதைவிடப் பாதுகாப்பு வேறுண்டோ என்று தோன்றும். ஆனால், பெற்றார் ஆசிரியை பார்க்கிறார் என்றிருப்பர். ஆசிரியையோ பெற்றார் பார்க்கின்றனர் என்றிருப்பார். எல்லோரும் பார்க்கின்றனர் என்னும் நம்பிக்கையில் ஒருவருமே பார்ப்பதில்லை. நீரில் மூழ்கும் பிள்ளை கூக்குரலிடும் என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைக்குக் குரல் எழுவதில்லை; பெரும்பாலும் அது ஓசையின்றியே அமிழ்ந்துவிடும்.

ஆதலால், நீராடும் வேளையில் காவலர் இருவரைப் பெயர் சொல்லி நியமித்தல் வேண்டும். அவர்கள் நீராடலாகாது, உரையாடலாகாது, கைத்தொலைபேசியைத் தொடவும் ஆகாது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை வேறிருவர் அப்பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி ஏற்கலாம். பிள்ளைகள் இருவர் இருவராகவே இறங்குதல் நன்று. விசில் ஊதியதும் ஒவ்வோர் இணையும் கைகோத்து உயர்த்தி நிற்க, தலைகளை எண்ணிவிடலாம். ஆழத்தைப் பெரியவர் ஒருவர் முன்னரே இறங்கி அறிந்திருத்தல் வேண்டும். மார்கழி விடுமுறையில், வடக்கிலும் கிழக்கிலும் குளங்கள் வான் பாயும் காலத்தில், நீராட்டத்தை அறவே தவிர்ப்பதே அறிவுடைமை. மலைநாட்டு ஓடைகளும், மேலே எங்கோ பெய்த மழையால் நொடிப்பொழுதிற் பெருக்கெடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. சாரணனாகிய மகனின் பெயர் இடாப்பிலே இருக்கும். உடன்வந்த தங்கையின் பெயர் அதில் இராது. எண்ணும்போது விடுபடுகிறவள் அவளே. ஆகவே, வந்த குழந்தைகள் அனைவரின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைக் குறித்தல் வேண்டும்.

நெருப்பும் இரவும்

அடுப்பைக் கூடாரங்களுக்கு எட்டத்திலே, சருகு அகற்றிய தரையில் மூட்டுக. அருகே நீர் நிறைந்த வாளி இருக்கட்டும். குளிருக்கென்று கரியடுப்பைக் கூடாரத்தினுள் ஒருபோதும் வைக்கலாகாது. அதிலிருந்து நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு எழுந்து, உறங்குவோர் உயிரைக் கவர்ந்துவிடும். உறங்கச் செல்லுமுன் நீரூற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்ததைக் கண்ட பின்னரே அகலுக.

கட்டுவிரியன் இரவில் உலாவுவது. வெறுந்தரையிற் படுத்து உறங்குவோரையே பெரிதும் தீண்டுவது. எனவே அடி மூடிய கூடாரமும், வாயிலை இறுக அடைக்கும் பழக்கமும் தேவை. காலையிலே சப்பாத்தை உதறி அணிதல் வேண்டும். தீண்டப்பட்டவரை நடக்கவிடாது, கடிவாயைக் கீறாது, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பாசறைக்கு அண்மையில் உள்ள வைத்தியசாலை எதுவென்பதை முன்னரே அறிந்து வைத்திருத்தல் நலம்.

பிள்ளை தன் குடும்பத்தாருடனேயே உறங்க வேண்டும். பிறர் பிள்ளையுடன் பெரியவர் ஒருவர் தனித்திருத்தல் ஆகாது; பேச வேண்டுமாயின் பலர் காணும் இடத்திலே பேசலாம். இவ்விதி எவர்மீதும் ஐயங்கொண்டு செய்ததன்று. தீங்கினின்று பிள்ளையையும், பழியினின்று நல்லவரையும் ஒருங்கே காப்பது. மதுவுக்குப் பாசறையில் இடமே இல்லை. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், வாகனம் ஓட்டத் தெளிந்த அறிவுடைய ஒருவர் வேண்டுமல்லவா?

பெற்றார் செய்யலாகாதவை

காவலில் தளர்வு பிழையென்றால், அன்பில் மிகையும் பிழையே. கூடாரத்தின் கயிற்றை மகன் தானே முடிச்சிடத் தடுமாறும்போது, "விடு மகனே, நான் கட்டுகிறேன்" என்று பறிக்கும் தகப்பனார் பாசறையின் பயனையே பறிக்கிறார். முடிச்சு அவிழ்ந்து கூடாரம் சரிந்தால், அவன் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டட்டும். அவன் வார்த்த ரொட்டி கருகியிருப்பினும் சம்பலோடு உண்டுவிடுங்கள். உயிருக்கு ஊறு வரும் இடத்தில் கண்ணிமைக்காதீர்கள். ஊறு இல்லாத இடத்தில் கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள். பிறர் பிள்ளை தவறு செய்தால், கண்டிக்கும் வேலையை ஆசிரியையிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது முகஞ்சுளித்த தகப்பனாரிடம் திரும்புவோம். ஐயா, அந்தக் கடதாசியில் கையொப்பமிட்டு மேசையிலே போட்டுவிடாதீர்கள். புறப்படும் நாளுக்கு முந்திய இரவிலே, மகனையும் மகளையும் அருகிருத்தி, அதனை உரக்க வாசியுங்கள். ஒவ்வொரு விதிக்கும் காரணம் யாதென அவர்களையே கேளுங்கள். காரணம் அறிந்த பிள்ளை, நீங்கள் காணாத இடத்திலும் விதியை மறவாது. எத்தனை பிள்ளைகளை அழைத்துச் சென்றோமோ, அத்தனை பேரையும் சிரித்த முகத்துடன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதினும் மேலான உல்லாசம் வேறு உண்டோ?