மலைக்கு எதற்கு விலை கூடின பெட்ரோல்?

கொடைக்கானலுக்கு வண்டியிலேயே போவது என்று முடிவானதும், கோவில்பட்டியில் ஒரு பங்கில் நிறுத்தி, இருப்பதிலேயே விலை கூடின பெட்ரோலை டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டேன். மேடேறப் போகிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கூட வைப்பதில்லையா, அந்தக் கணக்கு. பழைய 100 சிசி கார்பரேட்டர் வண்டி. மதுரை தாண்டி வத்தலக்குண்டு வரை நன்றாகத்தான் போனது. மலைப்பாதையில் பாதி ஏறியதும் இழுவை செத்துவிட்டது. பெருமாள்மலைக்கு மேலே இரண்டாவது கியரில் முக்கியது. சைலன்சரில் கரும்புகை வேறு.

ஊர் திரும்பி மெக்கானிக்கிடம் புலம்பினேன். "ஏன் அண்ணாச்சி, மலையில பெட்ரோலுக்கா பஞ்சம்? காத்துக்குல்லா பஞ்சம்!" என்றபடியே பிளக்கைக் கழற்றினார். அதன் முனை அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

விலை கூடின பெட்ரோலில் கூடுதலாக இருப்பது ஆக்டேன் எண். அது பெட்ரோலின் பலத்தைச் சொல்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது சொல்வது பெட்ரோலின் பொறுமையை. தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குச்சியின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. சட்டைப்பையில் கிடந்து குலுங்கினால் பற்றாது. பெட்ரோலும் அப்படித்தான், பிளக் பொறி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது லேசில்லை. மேலே வரும் பிஸ்டன், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை ஒன்பதில் ஒரு பங்காக, பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சூடு இங்கே பல மடங்கு. பொறி பட்டதும் தீ ஓரிடத்தில் தொடங்கி வரிசையாகப் பரவ வேண்டும். பரவுகிற தீயோ, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவையை மேலும் நெருக்கிச் சூடேற்றுகிறது. பொறுமை கெட்ட பெட்ரோலாக இருந்தால், தீ வந்து சேருமுன்னே அந்த மூலை மொத்தமும் தானாகப் பற்றி வெடிக்கும். ஒரு குச்சி எரிவதற்கும், கட்டுக்குச்சி முழுக்க ஒரேயடியாகக் குப்பென்று பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். வெளியே நமக்குக் கேட்பது 'டிக் டிக்' என்ற சத்தம். 'இன்ஜின் தட்டுது' என்பார்கள். விடாமல் தட்டினால் பிஸ்டன் தலையில் குழி விழுந்துவிடும்.

இந்தப் பொறுமைக்கு அளவுகோல் தந்தவர் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், 1920-களில். எளிதில் தட்டாத ஐசோஆக்டேனுக்கு 100, உடனே தட்டுகிற ஹெப்டேனுக்கு 0. இவை இரண்டையும் 91-க்கு 9 என்று கலந்தால் எப்படி நடந்துகொள்ளுமோ, 91 ஆக்டேன் பெட்ரோலும் அப்படி நடந்துகொள்ளும். நம் நாட்டில் சாதாரண பெட்ரோலுக்கு நெடுநாளாக இருந்த எண் இந்த 91-தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதற்குத் தரக்கட்டுப்பாடு கேட்பது 95. எத்தனாலுக்கு இயல்பிலேயே பொறுமை அதிகம். மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும் என்பது தனிக்கதை.

இனி மலைக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோவில்பட்டி. காற்றழுத்தம் 1000 மில்லிபாரை ஒட்டி இருக்கும். 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் அது 800-க்குச் சற்றுக் கீழே. அதே 100 சிசி சிலிண்டர்தான்; ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வரும் காற்று குறைவு. காற்று குறைந்தால் பலம் குறையும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்பது பழைய கணக்கு. பிஸ்டன் நசுக்கினாலும் அழுத்தம் முன்போல ஏறாது. கலவைக்கு நெருக்கடி இல்லை, தட்டவும் தோன்றாது. ஆக, மலையில் பெட்ரோலுக்குப் பொறுமையே அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது, போகிற இடத்தில் வேலையே இல்லாத ஒரு குணத்தை.

கரும்புகைக்குக் காரணம் கார்பரேட்டர். காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது. கீழே ஊற்றிய கணக்கிலேயே கிட்டத்தட்ட ஊற்றிக்கொண்டிருக்கும். எரியாத மிச்சம்தான் பிளக்கில் கரியாக ஒட்டியது.

இந்த விஷயத்தை வைத்து வியாபாரமே நடக்கிற ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில், 1,600 மீட்டர் உயரத்து டென்வர் போன்ற நகரங்களில், சாதாரண பெட்ரோல் 85 என்று விற்கும். மற்ற மாநிலங்களில் 87. (அவர்கள் அளக்கும் முறை வேறு. அந்த 87 நம்முடைய 91-க்கு அருகில் வரும்.) கார்பரேட்டர் காலத்தில் அது நியாயம். இன்றைய இன்ஜினில் உணரிகள் காற்றை அளந்து பெட்ரோலைத் தெளிக்கின்றன, பொறி அடிக்கும் நேரத்தையும் மாற்றிக்கொள்கின்றன. டர்போ இருந்தால் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளும். மலை கொடுத்த சலுகை அதோடு போயிற்று. அங்கே நிரப்பிய 85-ஓடு சமவெளிக்கு இறங்குகிறவர் பாடு இன்னும் சிக்கல். அதனால் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை எந்த உயரத்திலும் குறைக்காமல் இருப்பதுதான் சரி என்பேன். கூட்டவும் வேண்டாம்.

ஆக்டேனுக்கு உண்மையான பரீட்சை நம் கரிசல்காட்டில்தான். சித்திரை மாத உச்சிவெயில், உள்ளே போகும் காற்றே கொதிக்கும். எட்டயபுரம் ரோட்டில் பின்சீட்டில் உளுந்து மூட்டை, எதிர்க்காற்று. கியரைக் குறைக்க மனமில்லாமல் டாப்பிலேயே ஆக்சிலேட்டரை முறுக்குவோம். அடர்த்தியான காற்று, சூடு, பாரம் மூன்றும் சேர்கிற இடம் அதுதான். காதைக் கொடுத்துக் கேட்டால் டிக் டிக் கேட்கும். ஒரு கியர் இறக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும், செலவில்லாமல்.

மெக்கானிக் அதோடு விடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் நாலு தட்டு தட்டினார். ஒரு கைப்பிடிக் கரிசல் புழுதி உதிர்ந்தது. "கொடைக்கானலுக்குப் போகும்போதே பாதி மலையை உள்ள வச்சுக்கிட்டுல்லா போயிருக்கிய" என்றார்.